வேட்டை நாய் போன வீடு: மறுபடி ஒன்றை எடுக்கலாமா?

கல்மண்டபத்தான்:

வணக்கம். இந்தக் குழுவில் நான் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றோடு வீட்டில் நாய் இல்லாமல் நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் நாயின் பெயர் மயிலி, சிப்பிப்பாறை வகை வேட்டை நாய். மயிலைக் காளை மாதிரி சாம்பல் நிறம், அம்மா வைத்த பெயர். 2014இல் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் மின்கம்பத்தில் நைலான் கயிற்றால் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கயிறு கழுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. அறுத்து எடுத்து வண்டியின் முன்பக்கம் நிறுத்திக் கொண்டுவந்தேன், வழி நெடுக நடுங்கினாளே தவிர ஒரு சத்தம் போடவில்லை. ஒரு வயது இருக்கும் என்று டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து பதினோரு வருஷம் எங்களோடு இருந்தாள். போன மாதம் ஆரம்பத்தில் சிறுநீரகம் கைவிட்டுப் போய்விட்டாள். கடைசி மூன்று வாரம் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு விடியற்காலையிலேயே போய் வரிசையில் உட்கார்ந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வருவோம். அங்கே இருந்த பையன்களும் பெண்களும் அவளைத் தொட்ட விதத்தை நான் மறக்க மாட்டேன்.

ராயபுரத்தில் எங்கள் வீடு மாதிரி வீடுகள் எப்படி இருக்கும் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். முன்பக்கம் ஒரு ரூம், நீளமாக ஒரு நடை, பின்னால் சமையல்கட்டு, அவ்வளவுதான். அந்த நடையில்தான் அவள் போவாள் வருவாள். இடுப்பு உரசி உரசி சுவரில் ஓரிடத்தில் சுண்ணாம்பு மங்கிப் பிசுக்கேறிப் பளபளவென்று இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அம்மா இன்னும் காசிமேட்டில் மீன் வாங்கும்போது கால் கிலோ காரப்பொடி மீனும் சேர்த்து வாங்கிவிடுகிறார். உப்பில்லாமல் வேகவைத்து முள்ளெடுத்துச் சோற்றில் பிசைந்து வைப்பது அவருக்குக் கைப்பழக்கம். வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வருகிறது.

இப்போது விஷயம் என்னவென்றால், கொடுங்கையூரில் ஓர் அக்கா மணலி புதுநகரில் ஒரு பூட்டிய வீட்டிலிருந்து எடுத்த ராஜபாளையம் வகை நாய் ஒன்றை வைத்திருக்கிறார். ஆண், மூன்று வயது. என் நண்பர் மூலமாகக் கேட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று நாளில் இன்னொன்றைக் கொண்டுவந்து அவள் படுத்த இடத்தில் படுக்க வைப்பது சரியா? இரண்டாவதாக ஒரு நாய் எடுத்தவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கொடுங்கையூர் அக்கா:

தம்பி, அந்த அக்கா நான்தான். நீ இங்கே எழுதியிருக்கிறாய் என்று உன் நண்பர் சொல்லித்தான் வந்தேன். உன்னை அவசரப்படுத்த வரவில்லை, அவனைப் பற்றித் தெரிந்துகொண்டு முடிவு செய் என்பதற்காக எழுதுகிறேன்.

வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது இவனைப் பின்பக்கச் சந்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எத்தனை நாள் கிடந்தான் என்று தெரியாது. பக்கத்து வீட்டம்மா மதில் மேலிருந்து சோறும் தண்ணீரும் இறக்கிக் கொடுத்திருக்கிறார், அதனால்தான் உயிர் இருந்தது. நான் போய்ப் பார்த்தபோது விலா எலும்பை எண்ணலாம், இடுப்பெலும்பு இரண்டும் ஆணி மாதிரித் துருத்திக்கொண்டிருந்தன. சுத்த வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். கதவைத் திறந்து கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. முறைப்பாக இருக்கிறான் என்று நினைத்தேன். தரையில் காலைத் தட்டியதும் துள்ளித் திரும்பினான். அப்போதுதான் புரிந்தது, காது கேட்காது.

வெள்ளை ராஜபாளையத்தில் இது வருவதுதான். உடம்பில் நிறம் கொடுக்கும் அணுக்கள் உள்காதுக்கும் தேவை, அது இல்லாமல் போனால் பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் திறன் செத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். டால்மேஷியன் என்கிற புள்ளி நாயிலும் இப்படித்தானாம். முன்பு வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. சொன்ன பேச்சைக் கேட்காத நாய் என்று அடித்திருக்கிறார்கள், கையை ஓங்கினால் அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறான். எனக்கு வயிறு எரிகிறது தம்பி. காது கேட்காத குழந்தையை ஏன் கேட்கவில்லை என்று அடிப்பது மாதிரிதானே இது.

இப்போது எட்டு வாரமாக என்னிடம் இருக்கிறான். கையை நெஞ்சில் வைத்தால் வா, உள்ளங்கையைக் காட்டினால் இரு, இரண்டும் படித்துவிட்டான். ராத்திரி மாடியில் டார்ச்சை இரண்டு முறை அடித்தால் எங்கிருந்தாலும் வந்துவிடுவான். தூங்கும்போது மட்டும் திடீரென்று தொடக் கூடாது, முதலில் பக்கத்தில் தரையைத் தட்ட வேண்டும். என்னிடம் ஏற்கெனவே ஐந்து உருப்படி இருக்கின்றன, எல்லாம் தெரு நாய்கள், இவனுக்கு என்னால் தனியாக நேரம் கொடுக்க முடியவில்லை. அதனால்தான் கேட்டேன். நீ வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

கரிசல் மண்:

நான் சாத்தூர் பக்கம், பெரம்பூரில் வந்து இருபத்திரண்டு வருஷம். ஐயா கல்மண்டபத்தான், உங்கள் மயிலியைப் படித்ததும் எங்கள் அப்பா வைத்திருந்த நாய்தான் கண்முன் வந்தது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த நாய்களைச் சென்னையில் வைப்பதே எனக்கு உடன்பாடில்லை.

அவை வளர்ந்த இடத்தைப் பாருங்கள். கரிசல் காடு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மறைப்பில்லாத வெட்டவெளி. சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தில் பிடிக்கிற நாய்கள் இல்லை, கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிறவை. அதற்குத்தான் அந்த ஒடுங்கிய முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால். எங்கள் வீட்டில் கம்பங்கூழும் மோரும்தான் அதற்குச் சாப்பாடு, கறி எப்போதாவது. எங்கள் ஊரில் குட்டியை விலைக்கு விற்றால் கேவலமாகப் பேசுவார்கள், வேண்டியவர்களுக்குக் கொடுப்பதோடு சரி. கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு சீராக அனுப்பியதால்தான் கன்னி என்று பெயர் என்று எங்கள் ஆச்சி சொல்லுவார்.

இப்போது முயல் வேட்டைக்குப் போக முடியாது, போகவும் கூடாது, 1972 வனவிலங்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. எனவே ஊரிலும் அதற்கு வேலை இல்லை. பட்டணத்தில் என்ன நடந்தது? 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னபோதும் பெருமைதான். ஒவ்வொரு தடவையும் அப்புறம் பார்த்தால் தெருவுக்குத் தெரு குட்டி கேட்கிறார்கள். நாட்டு நாய் வளர்க்கிறேன் என்று போட்டோ போட்டுவிட்டு, அது எட்டு மாதத்தில் இடுப்பு உயரம் வந்து கோழியைத் துரத்த ஆரம்பித்ததும் கயிற்றோடு எங்கேயாவது கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். மயிலி கம்பத்தில் கிடந்தது அப்படித்தான். அந்த மணலிப் பயலும் அப்படித்தான். மொத்தமாகவே பட்டணத்துக்குக் குட்டி கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

வியாசர்பாடி புறாக்காரன்:

கரிசல் அண்ணே, குட்டி விற்பதைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் நகரத்தில் வைக்கவே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே இங்கே வந்து கைவிடப்பட்டு நிற்கிறவற்றைத் திரும்பச் சாத்தூருக்கா அனுப்ப முடியும்?

நான் நானூறு சதுர அடி வீட்டில் இரண்டு வைத்திருக்கிறேன். இரண்டும் வளர்ந்த பிறகு வந்தவை. வேட்டை நாய் என்றால் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் என்று வளர்க்காதவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை உடம்பு தளர ஓடவிட்டால், மிச்ச நேரமெல்லாம் தூக்கம்தான். அதுவும் எங்கே? என் பிள்ளை படிக்கிற பாயில், அவன் முழங்காலுக்கடியில் மூஞ்சியை நுழைத்துக்கொண்டு. குரைப்பது மிகக் குறைவு. என் வீட்டுக்காரம்மா நாய் என்றாலே ஒதுங்குவார், இப்போது அவை இரண்டும் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. குளிர்காலத்தில் உடம்பில் கொழுப்பே இல்லாத ஜென்மங்கள் என்று சொல்லித் தன் பழைய ஸ்வெட்டரை வெட்டித் தைத்துப் போட்டிருக்கிறார்.

ஆனால் கவனம் வேண்டும். மூன்று விஷயம் அனுபவத்தில் சொல்கிறேன். சாதாரண பெல்ட் போடாதீர்கள். இவற்றுக்குத் தலை ஒடுங்கியது, கழுத்து அதைவிடப் பருமன், பின்னால் இழுத்தால் பெல்ட் சுலபமாகத் தலை வழியாகக் கழன்றுவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது, 2021 தீபாவளிக்கு முந்தைய நாள், பேசின் பாலத்துக்குக் கீழே. ஒரு லட்சுமி வெடி, ஒரே உதறல், என் கையில் வெறும் பெல்ட்டும் செயினும். ராத்திரி முழுக்கத் தேடினோம். விடியற்காலையில் கொண்டித்தோப்புப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் இருந்தான், பாதமெல்லாம் ரத்தம். அதற்கப்புறம் இழுத்தால் கழுத்தளவுக்கு இறுகும் அகலப் பட்டை இருக்கிறதே, மார்டிங்கேல் என்பார்கள், அதைத்தான் போடுகிறேன். இரண்டாவது, சாலையில் எக்காரணம் கொண்டும் அவிழ்த்துவிடக் கூடாது. பூனையைக் கண்டால் லாரி வருவது அவற்றின் கண்ணில் படாது. நான் விடியற்காலை நாலரைக்கு ஆளில்லாத மைதானத்தில், நாலு பக்கமும் சுவர் இருக்கிற இடத்தில் மட்டும் விடுவேன்.

மூன்றாவது என் சொந்தக் கதை. மாடியில் எனக்குப் பந்தயப் புறா முப்பத்தெட்டு இருக்கிறது. வேட்டை நாயும் புறாவும் ஒரே மாடியில் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஐந்து மாதம் தினமும் கயிற்றோடு கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன், அசையாமல் இருந்தால் ஈரல் துண்டு. இப்போது புறா அதன் முதுகுக்குப் பக்கத்தில் இறங்கித் தானியம் பொறுக்கும், அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அதற்காகத் தனியாக இரண்டையும் விட்டுவிட்டுக் கீழே இறங்க மாட்டேன். அதன் ரத்தத்தில் இருப்பது போய்விட்டது என்று நான் எண்ணிக்கொள்ளவில்லை.

கல்மண்டபத்தான் அண்ணா, நீங்கள் கேட்டதற்குப் பதில். என்னுடைய முதல் நாய் போய் இரண்டு வருஷம் நான் எடுக்கவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வருஷமும் என் வீட்டில் ஒரு நாய்க்கு இடம் காலியாக இருந்தது, வெளியே எத்தனையோ நாய்கள் செத்தன. இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு ஆறவில்லை.

பெரம்பூர் புதுசு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் ஒரு வருஷம் முன்பு சிப்பிப்பாறைப் பெண் நாய் ஒன்றை எடுத்தேன், கருத்தடை செய்யவேண்டும். ஆனால் பயமாக இருக்கிறது. என் மாமா வீட்டு நாய்க்கு ஒரு கிளினிக்கில் சாதாரண ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள், அது மறுநாள் வரைக்கும் எழுந்திருக்கவில்லை, அப்படியே போய்விட்டது. எடையே போட்டுப் பார்க்கவில்லை, கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்டார்கள் என்று மாமா இன்றுவரை சொல்லிச் சொல்லி அழுவார். இந்த வகை நாய்க்கு மயக்க மருந்து ஆகாது என்பது உண்மையா?

வெள்ளை கோட்டு:

நான் கால்நடை மருத்துவம் படித்து முடித்து வேலை பார்க்கிறேன், எங்கே என்று வேண்டாம். உங்கள் மாமாவின் நாய்க்கு நடந்தது மிகவும் வருத்தம்.

ஆகாது என்பதில்லை, பார்த்துக் கொடுக்க வேண்டும். இந்த நாய்களில் உடம்புக் கொழுப்பு மிகக் குறைவு. பழைய வகை மயக்க மருந்துகள் சில, குறிப்பாகத் தயோபென்டோன், ரத்தத்திலிருந்து கொழுப்புக்குள் போய்த்தான் அதன் வேகம் குறையும். கொழுப்பே இல்லையென்றால் மருந்து ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கல்லீரலும் அதை மெதுவாகத்தான் உடைக்கும், அதனால் எழ நேரமாகும். இப்போது பாதுகாப்பான வேறு மருந்துகள் இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஆபரேஷனுக்கு முன்பு இது வேட்டை நாய் வகை என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், எடை போடச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை கேளுங்கள், முடிந்ததும் உடம்பு சில்லிடாமல் போர்வை போடச் சொல்லுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். பயந்து கருத்தடையைத் தள்ளிப் போடாதீர்கள், கர்ப்பப்பையில் சீழ் பிடித்து வருகிற நாய்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

இன்னொன்று, ரத்த அறிக்கை. கிரேஹவுண்ட் என்கிற வெளிநாட்டு வேட்டை நாயில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள், சிவப்பணு அளவு மற்ற நாய்களைவிட இயல்பாகவே கூடுதலாகவும், ரத்தம் உறைய உதவும் தட்டணு சற்றுக் குறைவாகவும் இருக்கும். நம் நாட்டு வகைகளிலும் இதை மனதில் வைத்துத்தான் அறிக்கையைப் படிப்பேன். அதே சமயம் நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம், அதிலும் தட்டணுதான் விழும். சாப்பிடவில்லை, காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் என்று ஒன்று பார்த்தாலும் அன்றைக்கே கொண்டுபோங்கள். மருந்து கிட்டத்தட்ட நாலு வாரம் கொடுக்க வேண்டும், ஐந்தாம் நாள் நாய் துள்ளுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஆழமான நெஞ்சுள்ள நாய்க்கு வயிறு உப்பிச் சுழன்றுகொள்ளும் அபாயமும் உண்டு. வயிறு முரசு மாதிரி இறுகி, வாந்தி எடுக்க முக்கி ஒன்றும் வராமல், நிலைகொள்ளாமல் அலைந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துச் சோறு வையுங்கள், சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள்.

காது கேட்காத நாய் பற்றி அக்கா எழுதியது எல்லாம் சரி. அவற்றுக்குக் குட்டி எடுக்கக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

கல்மண்டபத்தான்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கையை ஓங்கினால் தரையில் படுத்துவிடுகிறான் என்ற இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கரிசல் ஐயா, உங்களிடம் எனக்குக் கோபமில்லை. மயிலியைக் கம்பத்தில் கட்டியவன் யார் என்று பதினோரு வருஷமும் யோசித்திருக்கிறேன், நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்க வேண்டும்.

எர்ணாவூர் அலை:

நான் அதிகம் எழுதமாட்டேன் என்றுதான் ஆரம்பிக்கிறேன், பார்ப்போம்.

எங்களிடம் இருப்பது கன்னி, பெயர் கருப்பன். அவனும் வளர்ந்த பிறகு வந்தவன்தான், என் தம்பி எங்கோ வழியில் பார்த்துக் கொண்டுவந்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் என்ன ஆனது என்று தெரிந்திருக்கும். மழைத் தண்ணீர் மட்டும் வரவில்லை, சுத்திகரிப்பு ஆலை எண்ணெயும் சேர்ந்து வந்தது. தண்ணீர் மடமடவென்று ஏறியதும் கருப்பனின் செயினை அவிழ்த்துவிட்டு, அப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்குப் போனோம். அவனும் பின்னால் வருவான் என்று நினைத்தோம், இருட்டில் வரவில்லை. ராத்திரி முழுக்கக் கூப்பிட்டேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வடிந்த பிறகு, கோயில் மதில் மேல் ஒரு நாய் நிற்பதாகப் பையன்கள் வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அவன்தான், ஆனால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, உடம்பு கருப்பு, காலும் மார்பும் பழுப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு. அந்தப் பழுப்பு எதுவுமே இல்லை. தலையிலிருந்து நகம் வரை தார் பூசிய மாதிரி ஒரே கருப்பு, கண் மட்டும் தெரிகிறது. நக்க ஆரம்பித்தால் எண்ணெய் வயிற்றுக்குள் போய்விடும் என்று அம்மாவின் பழைய புடவையைச் சுற்றித் தூக்கி வந்தோம்.

வெறும் சோப்புக்கு அது அசையவில்லை. ஒரு கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தோம். முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்துப் பிசுக்கை இளக்குங்கள், அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவுங்கள் என்றார். வீட்டில் இருந்ததெல்லாம் ஈரமாகிவிட்டது, எதிர்வீட்டில் ரேஷன் பாமாயில் இரண்டு பாக்கெட் கொடுத்தார்கள். குடிக்கவே கேன் தண்ணீருக்கு அலைந்த நாள் அது, இருந்தாலும் அக்கம்பக்கத்தில் ஆளுக்கு அரைக் குடம் கொடுத்தார்கள். நானும் தம்பியும் மாற்றி மாற்றித் தேய்த்தோம். அவன் ஒரு தடவைகூட உறுமவில்லை, என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றான். மூன்றாவது தடவை கழுவும்போதுதான் கண்ணுக்கு மேலே அந்த இரண்டு பொட்டும் வந்தது. தம்பி அப்போதுதான் அழுதான், அதுவரை அழவில்லை.

பிறகு தோல் வெந்து முடி கொட்டி, மூன்று மாதம் மருந்து போட்டோம். இப்போது ஒன்பது வயது, நன்றாக இருக்கிறான். சுவரில் அந்த எண்ணெய்க்கோடு இன்னும் இருக்கிறது, அதற்குக் கீழேதான் படுப்பான்.

கல்மண்டபத்தான் அண்ணா, வளர்ந்த நாய் புதுசாக ஒட்டாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இதுதான் நான் சொல்ல வந்தது.

ஓட்டேரிக்காரர்:

மேலே யாரோ மரியாதை என்று எழுதியிருந்தார்கள். அதற்காக ஒன்று.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கச் சண்டையிட்டுச் செத்த ஒரு வீரனுக்கு எடுத்த கல். வீரனின் காலடியில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய் என்று பொதுவாக எழுதி விட்டுவிடவில்லை, கோவிவன் என்று அதன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லில் எழுதியிருக்கிறது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை போய்ப் பார்த்தேன். என் சொந்த நாய் போன வருஷம் அது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்தில் ஒரு நாய்க்காக உளியெடுத்த ஆள் இருந்தான் என்று அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன், எழுந்து வர மனம் வரவில்லை.

சுவரில் அந்த இடத்தை வெள்ளையடிக்காமல் விட்டீர்களே தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள்.

கரிசல் மண்:

இரண்டு நாளாக யோசித்தேன். எர்ணாவூர் தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு முன்பு எழுதியதில் ஒரு பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். குட்டி கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இங்கே வந்து நிற்கிறவற்றை வைத்துக்கொள்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த வெள்ளைப் பயலுக்கு எடை ஏற வேண்டுமானால் கேழ்வரகுக் கஞ்சியை நன்றாக ஆறவைத்து மோர் கலந்து கொடுங்கள், முட்டை ஒன்று. என் வீட்டில் கம்பு மாவு இருக்கிறது, யாராவது வந்தால் தருகிறேன்.

கல்மண்டபத்தான்:

தாமதமாக எழுதுகிறேன், மூன்று வாரம் ஆகிவிட்டது.

போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கொடுங்கையூர் போனேன். பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனது. அக்கா வீட்டு மாடியில் ஒரு சாக்கின் மேல் படுத்திருந்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, மெதுவாகப் படியேறினார். எப்படி உணர்ந்தானோ தெரியாது, அவர் கடைசிப் படிக்கு வருவதற்கு முன்பே எழுந்து நின்றான். கிட்டே வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் மூன்று பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தோம், ஒரு கால் மணி நேரம் இருக்கும். திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முதுகில் தன் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். மயிலியும் அப்படித்தான் சாய்வாள். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் நான் முடிவெடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாளே மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பித்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. புறாக்காரத் தம்பி சொன்ன அகலப் பட்டை வாங்கினேன். மயிலியின் பட்டையை அவனுக்குப் போடவில்லை, அது அவளுடையது. துரை என்று அம்மா பெயர் வைத்திருக்கிறார். காது கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எனக்குக் கூப்பிட வேண்டாமா என்றார் அம்மா.

முதல் நாலு நாள் கஷ்டப்பட்டோம். நான் துண்டை உதறித் தோளில் போட்டதற்கே தரையில் படுத்து மூத்திரம் போய்விட்டான். அன்றிலிருந்து வீட்டில் யாரும் கையை வேகமாகத் தூக்குவதில்லை, என் அண்ணன் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். விடியற்காலையில் திருவொற்றியூர்ப் பக்கம் கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவுகளுக்கு நடுவில் மணல் சேர்ந்திருக்கிறதே, அங்கே நாற்பதடிக் கயிற்றில் ஓடவிடுகிறேன். ஓடும்போது அவனைப் பார்க்க வேண்டும். உடம்பு வில்லாக வளைந்து நாலு காலும் ஒரே நேரத்தில் மண்ணைவிட்டு எழும்புகின்றன. கயிறு தீர்வதற்குள் அவனே வட்டமடித்துத் திரும்பி, நான் கையை நெஞ்சில் வைத்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே வருகிறான். காரப்பொடிச் சோறு முதல் நாளிலிருந்தே ஒரு பருக்கை மிச்சமில்லாமல் போகிறது. எடை இரண்டே கால் கிலோ கூடியிருக்கிறது. கரிசல் ஐயா, கம்பு மாவுக்கு நன்றி, உங்கள் வீட்டில் காபி கொடுத்தவர்களுக்கும் நன்றி.

மயிலி படுத்த இடத்தில் அவன் படுக்கவில்லை, சமையல்கட்டு வாசற்படியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். நடையில் அவனும் சுவரோரமாகத்தான் உரசிக்கொண்டு நடக்கிறான். அவளைவிட உயரம், அவன் உரசுவது ஒரு சாண் மேலே.

கொடுங்கையூர் அக்கா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது மாடியில் இருந்த அந்தப் பழைய சாக்கைக் கொண்டுவாருங்கள், துவைக்க வேண்டாம். புது மெத்தை வாங்கிப் போட்டேன், அதில் கால் வைக்க மாட்டேன் என்கிறான், ராத்திரி எழுந்து எழுந்து எதையோ தேடுகிறான்.